சுகர் கண் ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றின் விழித்திரைப் பிரிவில் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். டாக்டர் அறையிலிருந்து சீட்டோடு வெளியே வருகிறவர்கள் அடுத்து வந்து உட்கார்வது என் மேஜை எதிரில்தான். சிலருடைய சீட்டில் இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் ஊசி, கீழ் வரியில் விட்ரெக்டமி ஆபரேஷன். இரண்டுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி. "ஆபரேஷன்தான் பண்ணப்போறாங்களே, அப்புறம் ஊசி எதுக்கும்மா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும் மற்ற கேள்விகளும் இங்கே இருக்கின்றன. உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். கண்ணுக்குக் கண் நிலைமை மாறும்.

என் கண்ணுக்குள் என்னதான் ஆகியிருக்கிறது?

கேமராவில் ஃபிலிம் இருந்ததே, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை அது மாதிரி. அதில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைப் பல வருட சுகர் அரித்துவிடுகிறது. சில அடைத்துக்கொள்கின்றன, சில கசிகின்றன. ரத்தம் போகாத இடம் பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் விழித்திரை வி.இ.ஜி.எஃப் என்ற ஒரு புரதத்தைச் சுரந்து, "எனக்குப் புதுக் குழாய் வேண்டும்" என்று கேட்கிறது. கேட்டபடி புதுக் குழாய்கள் முளைக்கவும் செய்கின்றன. ஆனால் அவை உருப்படியான குழாய்கள் கிடையாது. சுவர் பலமில்லாதவை, லேசாக இழுபட்டாலே உடைகிறவை. உடைந்தால் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லில் ரத்தம் கலக்கிறது. "திடீர்னு கரும்புகை பரவுச்சு", "சிலந்தி வலை தொங்குது" என்று வந்து சொல்வார்கள், அது இதுதான்.

இன்னொரு பக்கம், அந்தப் புதுக் குழாய்களோடு சவ்வும் வளர்கிறது. சவ்வு காய்ந்து சுருங்கும்போது விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கிறது. ரத்தத்தைவிட ஆபத்தானது இந்த இழுவைதான். ரத்தம் சில சமயம் தானாகக் கரையும். பிரிந்த விழித்திரை தானாக ஒட்டுவதை எதிர்பார்த்து உட்கார முடியாது.

சரி, ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி எதற்கு?

விட்ரெக்டமியில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சிறு துளை போட்டு, ரத்தம் கலந்த ஜெல்லை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு விழித்திரைமேல் ஒட்டியிருக்கும் சவ்வைப் பிரித்தெடுப்பார்கள். சிக்கல் வருவது அங்கேதான். சவ்வுக்குள் அந்தப் புதுக் குழாய்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெட்ட வெட்ட ரத்தம் பொங்கும், பொங்கினால் டாக்டருக்கு மைக்ராஸ்கோப்பில் எதுவும் தெரியாது. நிறுத்தி, சூடு வைத்து ரத்தத்தை அடக்கி, கழுவி, மறுபடி தொடங்க வேண்டும். நேரம் இழுக்கும். சவ்வை உரிக்கும்போது விழித்திரையிலேயே ஓட்டை விழும் வாய்ப்பும் கூடும்.

ஊசியில் போகும் மருந்து (பெரும்பாலும் பெவாசிசுமாப்) அந்த வி.இ.ஜி.எஃப் புரதத்தைக் கட்டிப்போடுகிறது. ஓரிரு நாளிலேயே புதுக் குழாய்கள் வாடத் தொடங்கும். தண்ணீர் நிறுத்திய கொடி மாதிரி. அந்தச் சமயத்தில் ஆபரேஷன் செய்தால் ரத்தம் குறைவு, நேரம் குறைவு, ஓட்டை விழுவதும் குறைவு. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் மறுபடி ரத்தம் கசிவதும் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல்கள் சொல்கின்றன.

ஊசி நோயைக் குணமாக்கிவிடாது. வயலில் தண்ணீரை வடித்துவிட்டு அறுப்புக்கு இறங்குகிறோமே, அந்த மாதிரி டாக்டருக்கு வேலை செய்யத் தோதான சில நாட்களை அது வாங்கித் தருகிறது.

ஊசி போட்டு எத்தனை நாளில் ஆபரேஷன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலும் ஊசிக்குப் பின் 1 முதல் 7 நாளுக்குள் ஆபரேஷன் வைப்பார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் நாள் என்பதுதான் நான் அதிகம் பார்ப்பது. அதற்கு மேல் தள்ளிப்போனால் என்ன? மருந்து குழாய்களை வாட வைக்கும்போதே சவ்வை நார் மாதிரி இறுக்கவும் செய்கிறது. குழாய் வாடுவது நமக்கு நல்லது, சவ்வு இறுகுவது கெட்டது. ஏற்கெனவே இழுவை இருக்கும் கண்ணில் சவ்வு இறுகினால் விழித்திரை இன்னும் வேகமாகப் பிய்ந்து வரும். டாக்டர்கள் இதை 'கிரஞ்ச்' என்பார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் இந்த ஊசி போட்ட 211 கண்களில் 11 கண்களில் இழுவைப் பிரிவு புதிதாக வந்தது அல்லது இருந்தது மோசமானது. அதாவது நூற்றுக்கு ஐந்து. சராசரியாக 13-ஆம் நாள். சிலருக்கு மூன்றாம் நாளே, சிலருக்கு ஒரு மாதம் கழித்து. சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள்தான் அதில் பெரும்பாலும்.

எண்ணிக்கையாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் அந்த ஐந்தில் ஒருவர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தேனிப் பக்கத்துப் பெரியவர், அறுபதைத் தாண்டியவர். ஊசி போட்டு நான்காம் நாள் அட்மிஷன். அவர் வரவில்லை. போன் செய்தால், "ரத்தம் கொஞ்சம் விலகிருச்சும்மா, ஆளு முகம் தெரியுது. பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கு, முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றார். இருமுறை சொல்லிப் பார்த்தேன். காதுகுத்து முடிந்து, அதற்குப் பின் ஒரு துக்க வீடும் முடிந்து ஆறாவது வாரம் வந்தார். மகன் கையைப் பிடித்து நடத்தி வந்தான். பி-ஸ்கேன் என்ற கண் அல்ட்ராசவுண்ட் எடுத்ததில் விழித்திரை கூடாரம் மாதிரி தூக்கி நின்றது. ஆபரேஷன் செய்தார்கள், விழித்திரையை அமுக்கி வைக்க உள்ளே சிலிகான் ஆயில் வைத்தார்கள். கை ஆட்டினால் தெரிகிறது, அவ்வளவுதான் மிஞ்சியது.

அதனால் நான் எல்லோரிடமும் தலைகீழாகக் கேட்பேன். முதலில் ஆபரேஷன் தேதி உறுதியா? பணம் அல்லது காப்பீட்டு அனுமதி வந்துவிட்டதா? இதய டாக்டரிடம் ஃபிட்னஸ் கையெழுத்து வாங்கியாச்சா? கூட வர ஆள் இருக்கிறதா? நாலுக்கும் 'ஆமாம்' என்றால் ஊசி. ஒன்று பாக்கி என்றாலும் "ஊசியை இப்போதே போடலாமா, அது வந்தபின் போடலாமா?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு வரச் சொல்வேன். ஊசியைப் போட்டுவிட்டு ஃபிட்னஸுக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் படபடப்பாக இருக்கும். எக்கோ எடுக்கத் தேதி கிடைக்கவே ஒரு வாரம் போய்விடுகிறது.

ஊசி போட்டதும் பார்வை தெளிந்துவிட்டது. ஆபரேஷனை விட்டுவிடலாமா?

நீங்களாக முடிவெடுக்கக் கூடாது, அதுதான் முதல் பதில். மேலே சொன்ன பெரியவருக்கும் முதலில் தெளிந்தது.

ஆனால் கேள்வி நியாயமானது. வெறும் ரத்தக் கசிவு மட்டும் இருந்து, விழித்திரையின் நடுப்பகுதியான மக்குலாவில் இழுவை இல்லாத கண்களுக்கு ஊசியை மட்டுமே வைத்துச் சமாளிக்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்கா, கனடாவில் 205 பேரை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினருக்கு இதே வகை மருந்தான அஃப்லிபர்செப்ட் ஊசி, மறு பாதியினருக்கு உடனே விட்ரெக்டமியும் லேசரும். முதல் 24 வாரத்தின் சராசரிப் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் செய்தவர்களுக்கு முன்னதாகவே தெளிந்தது. ஊசி வழியில் போனவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் எப்படியும் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஊசி வழி என்றால் மாதாமாதம் வர வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வராமல் விட்டுவிடக்கூடியவர்களுக்கு அது ஆபத்தான வழி. மக்குலாவில் இழுவை உள்ளவர்களுக்கு அந்த ஆய்வு பொருந்தாது.

புற்றுநோய்க்குப் போடும் மருந்தாமே இது?

அதேதான், பயப்பட வேண்டாம். பெவாசிசுமாப் என்பது மருந்து, அவாஸ்டின் என்பது பிராண்டு. 2004-இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்றது. கட்டிக்குப் போகும் புது ரத்தக்குழாய்களை அடக்கும் வேலையை அங்கே செய்கிறது. கண்ணிலும் அதே புரதம்தான் பிரச்சினை என்பதால் 2005-லிருந்து கண் டாக்டர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குப் போடுவது 1.25 மி.கி., அளவில் 0.05 மி.லி. ஒரு சொட்டுத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றுவது நூற்றுக்கணக்கான மி.கி. இதனால் முடி கொட்டாது.

"கண்ணுக்கு அனுமதி இல்லாத மருந்தைப் போடுகிறார்களாமே?" என்றும் கேட்பார்கள். லேபிளில் கண் எழுதப்படவில்லை என்பது உண்மை. ஒப்புதல் படிவத்திலும் அது இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 100 மி.கி. குப்பி ஒன்றை வைத்துப் பல பேருக்குச் சிறு சிரிஞ்சுகளில் பிரித்துப் போடுவதால்தான் விலை குறைகிறது. அப்படிப் பிரிக்கும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி போகும். 2016 தொடக்கத்தில் குஜராத்தில் ஊசி போட்ட சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டபோது, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்து, சில வாரங்களில் அதை விலக்கிக்கொண்டது. "மருந்தை எங்கே பிரிக்கிறீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அதுவே ஒரு தகவல்தானே.

கண்ணுக்கென்றே தயாரித்த ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் இரண்டும் உண்டு, விலை கூடுதல். ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு தடவை போடும் இந்த வேலைக்குப் பல டாக்டர்கள் பெவாசிசுமாப்பே போதும் என்கிறார்கள்.

கண்ணுக்குள் ஊசியா? வலிக்குமா?

நினைத்தால்தான் நடுங்கும். நடப்பது இவ்வளவுதான்: மரத்துப்போகும் சொட்டு மருந்தைச் சில தடவை விடுவார்கள். பழுப்பு நிற அயோடின் மருந்தால் கண்ணைச் சுற்றியும் உள்ளேயும் கழுவுவார்கள். எரிச்சல் தருவது அதுதான், ஊசி அல்ல. இமையை ஒரு சிறு கம்பிக் கிளிப் திறந்து வைத்திருக்கும். "மேலே பாருங்க" என்பார்கள். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில், முடி மாதிரி மெல்லிய ஊசி. சுருக்கென்று ஓர் அழுத்தம், அவ்வளவுதான். எண்ணினால் மூன்று வருவதற்குள் முடிந்திருக்கும். படுத்திருக்கும் அம்மாக்கள் பலர் "போட்டாச்சா?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

போட்ட இடத்தில் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பு தெரியலாம், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். பார்வைக்குள் உருண்டையாகக் கரும்புள்ளி மிதந்தால் அது பெரும்பாலும் காற்றுக் குமிழி. அது ஓரிரு நாளில் மறையும்.

எப்போது பயப்பட வேண்டும்?

ஊசிக்குப் பின் நாள் ஆக ஆக வலி கூடுவது, சிவப்பு ஏறுவது, வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், வாருங்கள். கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கு வரும் அபூர்வமான விஷயம்தான். வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். ஊசி போட்ட முதல் சில நாள் தலைக்கு ஊற்றுவதையும் கண்ணைக் கசக்குவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மாரடைப்பு வந்தவர், பக்கவாதம் வந்தவர், கர்ப்பிணி போடலாமா?

கண்ணில் போட்ட மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். அதனால் சமீபத்தில், அதாவது கடந்த சில மாதங்களில், மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில சமயம் ஊசி இல்லாமலேயே ஆபரேஷனை முடிவு செய்வார்கள். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட, வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். பொதுவாகப் போடமாட்டார்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லாமல் விட்டு, ஊசி அறை வாசலில் நர்ஸிடம் கிசுகிசுத்தவர் ஒருவர் உண்டு. நல்லவேளை, சொன்னார்.

ஆஸ்பிரின், ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறுத்தினால் கண் தப்பித்து இதயம் மாட்டிக்கொள்ளும். விட்ரெக்டமிக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் டெஸ்ட் பார்த்து முடிவு செய்வார்கள்.

சுகர் எவ்வளவு இருந்தால் ஆபரேஷன்?

மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அன்றைய சுகரும் பி.பி.யும் ஓரளவு கட்டுக்குள் இருந்தால் போதும் என்று பார்ப்பார்கள். பி.பி. எகிறியிருந்தால் ஆபரேஷன் நடுவில் ரத்தம் பொங்கும். மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி கூடுதலாக இருக்கிறது என்பதற்காக அவசரமான கண்ணைத் தள்ளிப்போட மாட்டார்கள், அதை ஒரே வாரத்தில் இறக்கவும் முடியாது. ஆபரேஷன் பயத்தில் மூன்று நாள் சோறே சாப்பிடாமல் கஞ்சி குடித்து, மாத்திரையை மட்டும் முழுசாகப் போட்டு, லோ சுகரில் மயங்கி விழுந்தவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆபரேஷன் அன்று காலை சாப்பிடலாமா, இன்சுலின் போடலாமா என்பதை முந்தின நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் உங்கள் டயாலிசிஸ் கிழமைகளைச் சொல்லிவிடுங்கள். அதற்குத் தக்கபடி நாள் வைப்பார்கள், டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெபாரின் பற்றியும் பேசிவிடுவார்கள்.

எல்லோருக்கும் இந்த ஊசி உண்டா?

இல்லை. பக்கத்து பெட்காரருக்குப் போட்டார்கள், எனக்குப் போடவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். புதுக் குழாய்கள் துடிப்பாக இருக்கும் கண்ணுக்குத்தான் ஊசியால் லாபம். முன்பே நன்றாக லேசர் செய்து குழாய்கள் காய்ந்துபோய், வெறும் வெள்ளைச் சவ்வு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் லாபம் கொஞ்சம், கிரஞ்ச் பயம் கூடுதல். அதற்குப் போடாமலிருப்பதே பல சமயம் சரி. ஆபரேஷன் முடியும் தருணத்தில் போடுகிற டாக்டர்களும் உண்டு.

கேட்ராக்ட் ஆபரேஷனுக்கு முன்பும் ஊசி போடச் சொல்கிறார்களே?

அது வேறு கணக்கு. மக்குலாவில் நீர் கோத்திருந்தால் லென்ஸ் மாற்றியபின் வீக்கம் கூடக்கூடும், அதைத் தடுக்கப் போடுவது. சில சமயம் பல மாதம் தொடரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வேறு பாலிசியோ இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் 'ஊசி தனியா, ஆபரேஷன் தனியா, இரண்டுக்கும் அனுமதி வருமா' என்று கேளுங்கள். அனுமதி வரும் நாளையும் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-இல் தொடங்கியது.

ஆபரேஷனுக்குப் பிறகு?

விழித்திரையை அமுக்கி வைக்க வாயு வைத்திருந்தால் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். கழுத்து வலிக்கும், எல்லோரும் திட்டுவார்கள், ஆனாலும் செய்யுங்கள். வாயு கரையும்வரை விமானம் கூடாது. அது தெரிந்த விஷயம். ஊட்டி, கொடைக்கானலும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் கூடும். வேறு எதற்காவது மயக்க மருந்து தேவைப்பட்டாலும் கண்ணில் வாயு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சிலிகான் ஆயில் வைத்தால் இந்தப் பயணக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை மக்குலாதான் சொல்லும். வெறும் ரத்தம் மறைத்திருந்தால் பேப்பர் படிக்கும் அளவுக்குத் திரும்பியவர்கள் உண்டு. மக்குலா மாதக்கணக்கில் பிரிந்து கிடந்திருந்தால், இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதே ஆபரேஷனின் நோக்கம். ஊசி போட்டதால் கடைசிப் பார்வை கூடிவிடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

மற்றக் கண் நன்றாகத் தெரிகிறது. அதையும் பார்க்க வேண்டுமா?

பார்த்தே ஆக வேண்டும். சுகர் இரண்டு கண்ணுக்கும் ஒன்றுதான். இந்தக் கண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றால் அடுத்ததில் லேசர் செய்ய வேண்டிய கட்டம் ஏற்கெனவே வந்திருக்கலாம். வலிக்காது, மங்காது, அதனால் தெரியாது. ஊசிக்கு வரும் அன்றே அந்தக் கண்ணுக்கும் பாப்பா விரிய மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்தால் சாயங்காலம்வரை இரண்டு கண்ணும் மங்கலாக இருக்கும், பைக்கில் தனியாக வந்துவிடாதீர்கள். கூட ஒருவரைக் கூட்டி வாருங்கள். அவரிடமே ஆபரேஷன் தேதியையும் சொல்லி வையுங்கள்.